சொட்டுகிற வால்வை அடைத்துவிட்டுப் போனவரும், அடைப்பை எடுத்தவரும்

போன மார்கழியில் எங்கள் வீட்டு ஹீட்டர் சொட்ட ஆரம்பித்தது. பாத்ரூமில் நின்று அண்ணாந்து பார்த்தால் பெட்டிக்கு அடியில் ஒரு சின்னப் பித்தளை வால்வு தெரியும். அதன் மூக்கில் ஒரு துளி தொங்கும், விழும், அடுத்த துளி சேரும். முதல் வாரம் அதற்குக் கீழே ஒரு மக்கை வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டேன்.

எங்கள் வீடு சீர்காழியிலிருந்து திருமுல்லைவாசல் போகிற சாலையில் இருக்கிறது. கணவர் சிங்கப்பூரில். இங்கே நான், பிளஸ் டூ படிக்கிற பையன், எழுபத்து நாலு வயது அத்தை. அத்தைக்கு மூட்டு வலி, மார்கழி பிறந்தால் வெந்நீர் இல்லாமல் ஆகாது. ஹீட்டர், கீசர் என்றெல்லாம் அவர் சொல்வதில்லை, எல்லாம் பாய்லர்தான். கொல்லையில் செம்பு பாய்லரில் தென்னை மட்டை செருகி நாற்பது வருஷம் வெந்நீர் வைத்தவர். சுவரில் மாட்டிய வெள்ளைப் பெட்டியையும் அதே பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்.

சொட்டுவது மட்டும் என்றால் பரவாயில்லை. சில நாள் தண்ணீர் கை வைக்க முடியாத அளவுக்குக் கொதித்தது, சில நாள் அரை மணி நேரம் போட்டும் பச்சைத் தண்ணீராகவே வந்தது. போட்டதும் உள்ளே மடமடவென்று சோளம் பொரிகிற மாதிரி சத்தம். ஒரு நாள் விடிகாலை, கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை ஓடிக்கொண்டிருக்கும்போது குழாயைத் திறந்தேன், விரல் நுனியில் சுருக்கென்றது. ஈரக்கை, குளிர், நரம்பு இழுத்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் அறிவியல் டீச்சர் வேறு. இதை எழுத இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

கம்பெனி சர்வீஸைக் கூப்பிடலாம் என்று பார்த்தால் வாரண்டி அட்டையைக் காணோம். இணையத்தில் தேடினதும் முதலில் வந்த நம்பருக்குப் போன் செய்தேன். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். புகாரைப் பதிவு செய்யப் பத்து ரூபாய் அனுப்புங்கள், அதற்கு இந்த ஆப்பைப் போனில் ஏற்றுங்கள் என்றதும் பையன் கையிலிருந்த போனைப் பிடுங்கிக் கட் பண்ணினான். "அம்மா, அந்த ஆப்பைப் போட்டா நம்ம போன் ஸ்கிரீன் அவனுக்குத் தெரியும்." ஏமாந்திருந்தால் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் போட்டுக்கொண்டு நின்றிருக்க வேண்டும். உண்மையான நம்பர் எங்கே இருந்தது தெரியுமா? ஹீட்டரின் பக்கவாட்டிலேயே, ஸ்டிக்கரில். அதில் கூப்பிட்டால் மயிலாடுதுறையிலிருந்து ஆள் வர நாலு நாள் ஆகும் என்றார்கள். நாலு நாள் பொறுத்திருக்கலாம். அத்தையின் முழங்காலைப் பார்த்தால் பொறுமை வரவில்லை.

அப்படித்தான் முதல் ஆள் வந்தான். வீடு கட்டின கொத்தனார் சொல்லி அனுப்பிய தம்பி, இருபத்தைந்து வயது இருக்கும். கையில் ஒரு ஸ்பேனர், ஒரு ஸ்குரூ டிரைவர், ஒரு டெஃப்ளான் டேப், அவ்வளவுதான். எப்போதிலிருந்து சொட்டுகிறது, வேறு என்ன தொந்தரவு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானாகச் சொன்னதையும் காதில் வாங்கிய மாதிரி தெரியவில்லை. இருபது நிமிஷத்தில் முடித்துவிட்டு, "வால்வு லீக்கு டீச்சர், அடைச்சாச்சு. உள்ள கரண்ட்டை வெட்டுற கட்-அவுட் ஒண்ணு அடிக்கடி விழுது, அதான் உங்களுக்கு வெந்நீர் வரலை. அதையும் எடுத்துட்டு டைரக்ட் பண்ணிட்டேன். இனிமே பிரச்சினை இருக்காது" என்றான். அறுநூறு ரூபாய். சொட்டு நின்றிருந்தது, தண்ணீரும் கொதிக்கக் கொதிக்க வந்தது. கெட்டிக்காரப் பையன் என்று அத்தையிடம் சொன்னேன்.

மூன்றாம் நாள். ஹீட்டரைப் போட்டுவிட்டு அடுப்படியில் வேலையாக இருந்துவிட்டேன். முக்கால் மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் சிவப்பு விளக்கு அணையவே இல்லை. பதினைந்து லிட்டர் பெட்டி, இருபது நிமிஷத்தில் சூடேறி விளக்கு தானாக அணைவதுதான் வழக்கம். வெந்நீர்க் குழாயைத் திறந்தேன். தண்ணீர் வரவில்லை. புஸ் புஸ்ஸென்று ஆவியும் தண்ணீரும் கலந்து துப்பியது. பாத்ரூம் முழுக்கப் புகை மூட்டம். பெட்டிக்குள் கடகடவென்று ஒரு நடுக்கம். குழாயை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய் வெளியே டிரிப்பரை இறக்கினேன். கை நடுங்கியது.

அன்றைக்கே அத்தை கொல்லையில் செம்பு பாய்லரைத் துலக்கி எடுத்துவிட்டார். முகத்தில் ஒரு சின்ன வெற்றிக் களை. பக்கத்து வீட்டு அக்கா ராடு ஹீட்டர் தருகிறேன் என்றார், வாளிக்குள் விடுகிற அந்தக் கம்பி. வேண்டாம் என்றேன். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே சூடு பதமாக இருக்கிறதா என்று வாளித் தண்ணீரில் கை விட்டுப் பார்க்கிற பழக்கம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் உண்டு.

சரி, இனி யாரை நம்புவது? இந்த முறை நேராகக் குழாய்க்காரரைத் தேடவில்லை. குழாய்க்காரரின் வேலையைப் பார்த்திருக்கிறவர் யார் என்று யோசித்தேன். ஹார்டுவேர் கடையில் கேட்டால் நம்பர் தருவார்கள், ஆனால் அவர்கள் தருவது தங்கள் கடையில் சாமான் வாங்குகிறவரின் நம்பர். தப்பென்று சொல்ல மாட்டேன். வேலை நிற்கிறதா என்பது கடைக்காரருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

எங்கள் பக்கம் மோட்டார் காயில் கட்டுகிற கடைகள் உண்டு. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்கிறவரை போர் செட்டை நம்பித்தான் குறுவை நாற்று. மோட்டார் எரிந்தால் விவசாயி ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கிக்கொண்டு ஓடுவது இவர்களிடம்தான். சரியாகக் கட்டாவிட்டால் ஒரு வாரத்தில் திரும்ப எரியும், அடுத்த நாள் கடை வாசலில் சண்டை. இருபது வருஷமாகச் சண்டை இல்லாமல் ஒரு கடை நடக்கிறது என்றால் அந்த மனிதருக்கு வேலை தெரியும், வேலை தெரிந்தவர்களையும் தெரியும். சீர்காழி தென்பாதிப் பக்கம் அப்படி ஒரு கடை. எங்கள் மாமனார் காலத்துப் பழக்கம்.

போய்ச் சொன்னேன். அவர் கையில் செம்புக் கம்பி, கண் கம்பியிலேயே. நான் முடித்ததும் நிமிர்ந்தார். "வால்வை அடைச்சானா?" என்றார். ஆமாம் என்றேன். "கட்-அவுட்டையும் எடுத்துட்டானா?" ஆமாம். கம்பியைக் கீழே வைத்தார். "குக்கர் வெயிட்ட அமுக்கிப் புடிச்சுக்கிட்டு அடுப்பை எரிய விட்ட மாதிரி டீச்சர். போடாதீங்க. நான் பம்பு வேலைதான் பாப்பேன், இதுல கை வைக்க மாட்டேன். ஒரு ஆள் இருக்காப்ல, சொல்றேன்" என்று நம்பர் கொடுத்தார்.

அந்த ஆளுக்குப் போன் செய்தபோது வேறொரு வீட்டில் வேலையில் இருந்தார். "நாளைக்கு முடியாதுங்க டீச்சர், நாளன்னைக்குக் காலைல வரேன்" என்றார். இதோ வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு ரெண்டு நாள் காக்க வைக்கிறவர்களையே பார்த்துப் பழகிய எனக்கு இது புதிதாக இருந்தது. பிறகு அவராகவே கேட்டார்: எத்தனை லிட்டர், எந்த வருஷம் வாங்கியது, போர் தண்ணியா பைப் தண்ணியா, தொட்டால் ஷாக் அடித்ததா. கடைசிக் கேள்விக்குத் தயங்கி ஆமாம் என்றேன். "டிரிப்பர இறக்கிட்டீங்களா? ப்ளக்கையும் கழட்டிடுங்க. நான் வர்ற வரைக்கும் யாரையும் போட விடாதீங்க. பெட்டிக்கு அடிப்பக்கம் ஒரு போட்டோ, சைடுல இருக்கிற ஸ்டிக்கர் ஒரு போட்டோ அனுப்புங்க, சாமான் வாங்கிட்டு வரச் சௌரியமா இருக்கும்." பார்க்க வருவதற்கு முந்நூறு ரூபாய், வேலை செய்தால் அது கூலியில் கழிந்துவிடும் என்று அதையும் முதலிலேயே சொன்னார்.

அரையாண்டு விடுமுறை ஆரம்பித்திருந்தது. வீட்டில் ஆம்பிளை இல்லாத பெண்கள் இதைப் படித்தால் ஒன்று சொல்லிவிடுகிறேன்: பையனும் அத்தையும் வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் வரச் சொன்னேன், வாசல் கதவைச் சாத்தவில்லை, அத்தை பாத்ரூம் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். வந்தவருக்கு இதில் சங்கடம் எதுவும் இல்லை. "நீங்க பாக்குறது நல்லதும்மா, நாளைக்கு நான் என்ன செஞ்சேன்னு உங்களுக்கே தெரியும்" என்றார். ஐம்பது வயதுக்காரர். செருப்பை வெளியே விட்டுவிட்டுப் பையிலிருந்து வேறு ஒரு ரப்பர் செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஈரத் தரையில் வெறுங்காலோடு அவர் நிற்கவே இல்லை.

முதலில் ஸ்பேனரை எடுப்பார் என்று பார்த்தேன். எடுத்தது மல்டிமீட்டரை. டிரிப்பர் இறங்கியிருக்கிறதா என்று தானே போய்ப் பார்த்தார், கழட்டின ப்ளக்கைக் கையில் வாங்கிப் பார்த்தார், பெட்டியின் உடம்பில் மின்சாரம் இல்லை என்று சோதித்தார். ப்ளக்கின் ஒரு கால் பழுப்பேறி உருகியிருந்தது, எங்கள் கண்ணில் அதுவரை பட்டதே இல்லை. பிறகு பெட்டிக்குத் தண்ணீர் வருகிற வழியிலிருக்கும் ஆங்கிள் காக்கை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்து விட்டு, அந்தத் தம்பி டேப் சுற்றி அடைத்திருந்த பித்தளை மூடியை மெல்லத் தளர்த்தினார். மூன்று நாளாக அணைந்து கிடந்த பெட்டிதான். அப்படியும் உஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டது.

"இந்த வால்வு லீக் ஆகலைங்க டீச்சர்," என்றார். "இது சொட்டத்தான் வெச்சிருக்கு."

நான் பாடம் நடத்துகிற விஷயம்தான். தண்ணீர் சூடானால் விரியும். வருகிற வழியில் தண்ணீர் திரும்பிப் போகாதபடி தடுப்பு இருக்கிறது, போகிற வழியில் குழாய் மூடியிருக்கிறது. விரிந்த தண்ணீர் எங்கே போகும்? இந்த மூக்கு வழியாக நாலு சொட்டு வெளியேறும். சூடாகும்போது மட்டும் கொஞ்சம் சொட்டினால் அது ஆரோக்கியம். நாள் முழுக்கச் சொட்டினால் வால்வு தேய்ந்திருக்கலாம், மாற்ற வேண்டியதுதான். எந்த நிலையிலும் அடைக்கக் கூடாது. எங்கள் பெட்டியில் நடந்தது இன்னும் மோசம். சூடு அளவை எட்டியதும் மின்சாரத்தை நிறுத்த வேண்டிய தெர்மோஸ்டாட்டின் முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், சூடு ஏறின பிறகும் அது மின்சாரத்தை வெட்டவில்லை. அளவுக்கு மேல் சூடானதால்தான் வால்வு அதிகமாகச் சொட்டியது. அதனால்தான் கட்-அவுட் விழுந்து விழுந்து எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. பச்சைத் தண்ணீர் வந்த நாட்களெல்லாம் கட்-அவுட் தன் வேலையைப் பார்த்த நாட்கள். அந்தத் தம்பி இரண்டு காவல்காரர்களையும் ஒரே நாளில் வேலையை விட்டு அனுப்பிவிட்டான்.

ஒரு லிட்டர் தண்ணீர் முழுதும் ஆவியானால் ஏறத்தாழ ஆயிரத்து அறுநூறு லிட்டர் இடம் கேட்கும். பதினைந்து லிட்டர் பெட்டி, அத்தை குளிக்கிற அறை. கணக்கைப் பாதியில் நிறுத்திவிட்டேன்.

தண்ணீரை வாளியில் வடித்தார். முதலில் தெளிவாக வந்தது, பிறகு சுண்ணாம்பு கரைத்த மாதிரி, கடைசியில் முட்டை ஓடு உடைந்தது போலச் சில்லுச் சில்லாக. அடிப்பக்கத் தட்டை எட்டு நட்டையும் சுற்றுச் சுற்றாகக் கழற்றி இறக்கியபோது அத்தை, "அடப் பாவி!" என்றார். தண்ணீரைச் சூடாக்குகிற காயில் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. கல்லில் கருகிப் பிடித்த அடை மாதிரி, அரை விரல் கனத்துக்கு வெள்ளையும் பழுப்புமாகப் படிவு. அதற்குள்ளே புதைந்து கிடந்தது செம்புக் குழாய். அவர் ஸ்குரூ டிரைவரின் பின்பக்கத்தால் தட்டினார், ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது. பெயர்ந்த இடத்தில் குழாயின் மேல் முடி மாதிரி ஒரு விரிசல். "ஷாக் வந்தது இங்கேருந்துதான்." மல்டிமீட்டரை வைத்துக் காட்டினார், காயிலின் உள்கம்பிக்கும் வெளி உடம்புக்கும் இடையில் இருக்கக் கூடாத தொடர்பு இருந்தது.

எங்கள் போர் தண்ணீர் அப்படி. கடல் கிழக்கே கூப்பிடு தூரம். அவரிடம் தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்கிற, பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டர் இருந்தது, வாளித் தண்ணீரில் விட்டால் 1,900-ஐத் தாண்டியது. குடிநீருக்கு இந்தியத் தரம் சொல்கிற விரும்பத்தக்க அளவு 500, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை. எங்கள் தண்ணீர் எந்த ஓரத்தில் நிற்கிறது பாருங்கள். படிவு ஏற ஏறக் காயிலின் சூடு தண்ணீருக்குப் போகாது, காயில் தன் சூட்டிலேயே வெந்து வெடிக்கும். அந்த மடமட சத்தமும் படிவுக்கு அடியில் தண்ணீர் கொதித்து வெடிக்கிற சத்தம்தான். காயிலுக்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய கம்பி தொங்கியது. அது ஒரு காலத்தில் கட்டை விரல் கனத்துக்கு இருந்த மெக்னீசியத் தண்டாம், ஆனோடு ராடு என்கிறார்கள். தொட்டிக்கு வர வேண்டிய துருவைத் தான் வாங்கிக்கொண்டு கரைவதுதான் அதன் பிழைப்பு. அது தீர்ந்த பிறகு அரிப்பு தொட்டிக்குத் திரும்பும். வாங்கின 2017-லிருந்து ஒரு தடவைகூட நாங்கள் அதை மாற்றவில்லை. அப்படி ஒன்று இருப்பது தெரிந்தால் அல்லவா?

"தொட்டி ஓட்டையா இருந்தா புதுசு வாங்கிடுங்கன்னு சொல்லியிருப்பேன், பத்த வெக்க முடியாது. தொட்டி நல்லா இருக்கு. உள்சாமான் மாத்தினா போதும்" என்றார். மாற்றலாமா என்று கேட்டுவிட்டு, எது எது எவ்வளவு என்று என் பையனின் ரஃப் நோட்டில் எழுதினார். காயில் 850, தெர்மோஸ்டாட் 380, கட்-அவுட் 180, ஆனோடு ராடு 280, கேஸ்கட் 60, வால்வு 350. கூலி 800. மொத்தம் 2,900. சாமான் கடை பில்லோடு வந்தது, பெட்டி பிரிக்காமல்.

எல்லாம் பூட்டி முடித்து, தண்ணீரை நிரப்பி, வெந்நீர்க் குழாயில் காற்றில்லாமல் தண்ணீர் ஒழுங்காக வருகிறவரை பார்த்தார். தண்ணீர் நிரம்பாமல் போட்டால் புதுக் காயில் அங்கேயே எரிந்துவிடும். அவ்வளவும் செய்துவிட்டு, ப்ளக்கை மாட்டாமல் சாக்கெட்டை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எர்த் இல்லைங்க டீச்சர்."

காயிலில் விரிசல் விட்டு மின்சாரம் தண்ணீருக்கு வந்தபோதே, எர்த் சரியாக இருந்திருந்தால் பெரும்பகுதி அந்த வழியாகத் தரைக்குப் போயிருக்கும். எனக்குச் சுருக்கென்றதே எர்த் வேலை செய்யாததற்குச் சாட்சி. "இப்ப புதுக் காயில் போட்டிருக்கேன், மாட்டினா ஓடும். ஆனா எர்த் இல்லாம நான் மாட்ட மாட்டேன். இது என் வேலையும் இல்லை, வயர்மேன் வேலை. கரண்ட்டுல எனக்கு டெஸ்ட் பண்ணத் தெரியும், லைன் இழுக்கத் தெரியாது. அவரை வரச் சொல்லுங்க. அவர் முடிச்சதும் நான் வந்து போட்டுக் காட்டுறேன். மிச்சக் காசு அப்ப குடுங்க."

அந்த மனிதரை முழுசாக நம்பியது அந்த நிமிஷத்தில்தான். பார்க்கப் போனால் மோட்டார் கடைக்காரர் சொன்னதும் இதையேதான்: இதில் கை வைக்க மாட்டேன். முதலில் வந்த தம்பி எதற்கும் மாட்டேன் என்று சொல்லவில்லை.

வயர்மேனை எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வேலை பார்த்தவர்களில் இருந்து பிடித்தேன். இவரிடம் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுதி வாங்கின சான்றிதழ் இருந்தது, கேட்டதும் போனில் காட்டினார். பிளம்பருக்கு இப்படிக் கேட்டுப் பார்க்கப் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஐ.டி.ஐ.யில் ஓராண்டு பிளம்பர் படிப்பு இருக்கிறது, ஆனால் எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் யாரிடமாவது கையாளாக இருந்து கற்றவர்கள்தான். எங்கள் ஹீட்டரைச் சரி செய்தவரும் அப்படித்தான். வயர் வேலைக்கு மட்டும் சான்றிதழைக் கேட்காமல் விடாதீர்கள்.

அவர் ஹோல்டரில் ஒரு நூறு வாட் குண்டு பல்பை மாட்டி, ஒரு கம்பியைக் கரண்ட் வருகிற ஓட்டையிலும் இன்னொன்றை எர்த் ஓட்டையிலும் வைத்தார். எரிய வேண்டும், எரியவில்லை. (இது அவர்கள் செய்கிற சோதனை. வீட்டில் நாமாகச் செய்து பார்க்கிற விளையாட்டு இல்லை.) கொல்லைப்பக்கம் எர்த் குழியைத் தோண்டினால் இரும்புக் குழாய் துருப்பிடித்து அரைவாசி இல்லை, கம்பி அறுந்து தனியாகக் கிடந்தது. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. கொட்டியதே, அப்போது எங்கள் கொல்லையில் இடுப்பளவு தண்ணீர் நாள் கணக்கில் நின்றது. பீரோவை, அரிசி மூட்டையை, புத்தகத்தையெல்லாம் காப்பாற்றினோம். மண்ணுக்குள் இருக்கிற எர்த்தை யார் நினைத்தார்கள்? வெள்ளம் வந்த வீடுகளில் இருப்பவர்கள் இதை ஒரு தடவை பார்க்கச் சொல்லிவிடுங்கள்.

புது எர்த், ஹீட்டருக்குத் தனியாக 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி, 16 ஆம்பியர் சாக்கெட், மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று. எங்களுடையது 2,000 வாட், ஒன்பது ஆம்பியருக்குப் பக்கமாக இழுக்கும், மிக்சி மாட்டுகிற ஆறு ஆம்பியர் சாக்கெட் தாங்காது. ஆர்.சி.சி.பி. என்றால், போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் ஒத்துப்போகாவிட்டால், அதாவது நம் உடம்பு வழியாகவோ வேறு வழியாகவோ கசிந்தால், கண் இமைக்கும் முன் வெட்டிவிடும். அதில் டி என்று எழுதின ஒரு பட்டன் இருக்கிறது. மாதம் ஒரு தடவை அமுக்கினால் படக்கென்று விழ வேண்டும். விழாவிட்டால் மாற்ற வேண்டும். இந்த வேலைக்கு ஹீட்டர் ரிப்பேரைவிட இரண்டு பங்கு செலவானது. கணவர் போனில் கொஞ்சம் முனகினார். விரல் சுருக்கென்ற கதையை அப்போதுதான் அவரிடம் சொன்னேன், முனகல் நின்றது.

பிளம்பர் சொன்னபடி வந்தார். போட்டார். பதினெட்டு நிமிஷத்தில் விளக்கு அணைந்தது. புது வால்வின் மூக்கில் ஒரு துளி சேர்ந்து விழுந்தது. நான்கு பேரும் அதை நின்று பார்த்தோம்.

முதலில் வந்த தம்பிக்குப் போன் செய்தேன். திட்டத்தான் செய்தேன், டீச்சர் குரல் தானாக வந்துவிட்டது. அவன் எதிர்த்துப் பேசவில்லை. "எல்லா வீட்லயும் இப்படித்தாங்க டீச்சர் பண்றோம். சொட்டுதுன்னு கூப்பிடுறாங்க, நிக்கணும்னு சொல்றாங்க" என்றான். அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. நானும் நிற்க வேண்டும் என்றுதான் கேட்டேன், ஏன் சொட்டுகிறது என்று கேட்கவில்லை. அவன் வேலை பார்த்த வீடுகள் எவை என்று கேட்டு வாங்கினேன். எங்கள் தெருவிலேயே ஒன்று இருந்தது. போய்ப் பார்த்தால் அதே பித்தளை மூடி, அதே டேப்.

இப்போது புதிதாக யாரைக் கூப்பிட்டாலும் அவர் என்ன கேள்வி கேட்கிறார் என்று கவனிக்கிறேன். வந்ததும் கரண்டை நிறுத்தச் சொல்கிறாரா, மாற்றின பழைய சாமானை நம்மிடமே விட்டுப்போகிறாரா என்றும் பார்க்கிறேன். 'டைரக்ட் பண்ணிடலாம்' என்ற வார்த்தை வந்தால் அங்கேயே நிறுத்திவிடுவேன். விலை குறைத்துப் பேசுவதை விட்டுவிட்டேன். குறைத்துப் பேசினால் முதலில் குறைவது சாமானின் தரம்.

என்னோடு வேலை பார்க்கிற ஒரு டீச்சர் வீட்டில் கேஸ் ஹீட்டர், ஜன்னல்கூடச் சரியாக இல்லாத பாத்ரூமுக்கு உள்ளேயே மாட்டியிருந்தார்கள். குளித்துவிட்டு வந்தால் தலை வலிக்கிறது என்பார், சைனஸ் என்று நினைத்திருந்தார். காற்றோட்டம் இல்லாத இடத்தில் எரிவாயு சரியாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, ஆளையே கொன்றுவிடும். இதே பிளம்பரை அங்கே அனுப்பினேன். அதைக் கழற்றி வெளிச்சுவரில் மாட்டச் சம்மதித்தால்தான் தொடுவேன் என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டார். ஒரு வாரம் கழித்து அவர்கள் சம்மதித்தார்கள்.

தண்ணீருக்கு முழுசாக வழி கிடைக்கவில்லை. பைப்பில் வருகிற குடிநீரில் உப்பு ரொம்பக் குறைவு, ஆனால் அது குளிக்கிற அளவுக்கு வராது. தெர்மோஸ்டாட்டை ஐம்பத்தைந்து டிகிரியில் வைக்கச் சொன்னார் பிளம்பர். சூடு குறைந்தால் படிவதும் குறையும், குளிக்க அது தாராளம். வருஷம் ஒரு தடவை, புரட்டாசியில், மழைக்கு முன்னால் வந்து தட்டைக் கழற்றித் துடைத்து ஆனோடு ராடைப் பார்ப்பதாகப் பேச்சு. பழைய காயிலைப் பள்ளிக்கூட ஆய்வகத்துக்கு எடுத்துப் போயிருக்கிறேன். எட்டாம் வகுப்பு பிள்ளைகள் அதன் மேல் எலுமிச்சம்பழம் பிழிந்தார்கள், நுரைத்துப் பொங்கியது. ஒருத்தி, "எங்க வீட்டு ஹீட்டர்லயும் இப்படி இருக்குமா மிஸ்?" என்று கேட்டாள். வீட்டில் போய் அடியில் வால்வு சொட்டுகிறதா, அடைத்திருக்கிறதா என்று எட்ட நின்று பார்த்துவிட்டு வரச் சொன்னேன், எதையும் தொடாமல்.

மூன்று பேருடைய நம்பரையும் மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் மார்க்கர் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன். மோட்டார் கடை, வயர்மேன், பிளம்பர். எழுதிக்கொண்டிருக்கும்போது அத்தை பின்னால் வந்து நின்று படித்தார். பிளம்பர் என்று எழுதினால் தனக்கு அவசரத்தில் புரியாது என்றார். அதை அடித்துவிட்டு, அவர் சொன்னபடியே 'பாய்லர் தம்பி' என்று எழுதினேன்.